எங்களை யாரும் கேட்கவில்லை

மக்கள் நல்வாழ்வுத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும், உறுப்பு தானச் சட்டத்தை மாற்றலாமா என்று யோசிக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும்,

2022 ஆவணியில் என் தம்பி இறந்தான். வயது 27. நான்கு வழிச் சாலையில் டூவீலரில் வந்தவனைப் பின்னால் வந்த வேன் இடித்துத் தள்ளியது. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. 108 வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தது. நான்கு நாள் ஐசியுவில் வென்டிலேட்டரில் இருந்தான்.

மூன்றாம் நாள் இரவு ஒரு நர்ஸ் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ரெண்டு நாளா டார்ச் அடிச்சா கண்ணுல ஒண்ணுமே இல்லக்கா” என்றார். மறுநாள் காலை டாக்டர் வெளியே வந்தார். “இதுக்கு மேல எங்க கையில எதுவும் இல்லம்மா. வீட்டுக்குக் கொண்டு போறதுன்னா கொண்டு போங்க” என்றார். எங்கள் விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம் என்று ஒரு தாளில் அப்பா கையெழுத்துப் போட்டார். கட்ட வேண்டிய பாக்கியைக் கட்டினோம். ஆம்புலன்சில் ஒரு பையன் வழி நெடுக, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வந்தான். வீட்டுத் திண்ணையில் இறக்கி, எல்லோரும் பார்த்தாயிற்றா என்று கேட்டுவிட்டு டியூபை எடுத்தான். அம்மா தம்பியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கை அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

விபத்து கேஸ் என்பதால் போலீஸ் வந்தது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போய், போஸ்ட்மார்ட்டம் முடிந்து மறுநாள் மதியம் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். உடம்பை அறுக்கக் கூடாது என்று நாங்கள் நினைத்திருந்தாலும் அறுத்துத்தான் கொடுத்திருப்பார்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உறுப்பு தானம் என்றாலே “முழுசா அனுப்பணும்” என்று குடும்பங்கள் மறுத்துவிடும் என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். விபத்தில் இறந்தவரின் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை என்பதை யாராவது ஒருவர் எங்களிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

மூளை மீளாமல் நின்றுபோய், வென்டிலேட்டரால் மட்டும் மூச்சு ஓடும் நிலையை மூளைச்சாவு என்கிறார்கள். அந்த நான்கு நாளில் எங்கள் யார் காதிலும் அந்தச் சொல் விழவில்லை. உறுப்புகளைத் தர விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை.

அவன் சம்மதம் தந்திருந்தான் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. 2020-ல் காருக்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று ஆன்லைனில் விண்ணப்பம் போட்டோம். கம்ப்யூட்டரில் தட்டியது நான்தான். விபத்தில் இறக்க நேர்ந்தால் உறுப்புகளைத் தானம் செய்யச் சம்மதமா என்று அதில் ஒரு கேள்வி வரும். நான் ஒரு நொடி கையை எடுத்துவிட்டேன். தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே, “ஆமான்னு போடுக்கா, அதுல என்ன” என்றான். ஓ நெகட்டிவ் ரத்தம் அவனுக்கு. ரத்த வங்கியிலிருந்து போன் வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறவன். அவனுக்கு அது ஒரு பெரிய முடிவாகவே படவில்லை. நான் “ஆம்” போட்டேன். அந்தப் பதில் எந்தக் கணினியில் போய் உட்கார்ந்ததோ, ஐசியு வாசலுக்கு அது வரவில்லை. துக்கத்தில் எனக்கும் நினைவுக்கு வரவில்லை. கருமாதி முடிந்து அவன் பீரோவை ஒழுங்குபடுத்தும்போதுதான் அந்த பிரிண்ட் அவுட் கையில் கிடைத்தது.

இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்தது இன்னொரு பேச்சு. உறுப்பு தானம் பெருக வேண்டுமானால் “அனுமானச் சம்மதம்” கொண்டுவந்துவிடலாம் என்று மெத்தப் படித்தவர்கள் சொல்கிறார்கள். வேண்டாம் என்று உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்காதவர் எல்லோரும் தானத்துக்குச் சம்மதித்தவர் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஸ்பெயினைப் பாருங்கள், சிங்கப்பூரைப் பாருங்கள் என்கிறார்கள். இந்த யோசனையின் பின்னால் இருக்கும் தவிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் 2022-லேயே இருந்திருந்தாலும் என் தம்பியின் இதயமோ ஈரலோ சிறுநீரகமோ ஒருவருக்கும் போயிருக்காது. மூளைச்சாவுப் பரிசோதனையே நடக்காத இடத்தில் சம்மதத்தை அனுமானித்து என்ன ஆகப்போகிறது?

அந்தப் பரிசோதனை என்ன என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1994-ன் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் சேர்ந்து சான்று தர வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். கண்மணி சுருங்குகிறதா, தொண்டையில் குழாய் படும்போது இருமல் வருகிறதா, வென்டிலேட்டரை விலக்கிப் பார்த்தால் தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறாரா என்று பார்க்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த நான்கு நாளில் இதை எத்தனையோ தடவை செய்திருக்கலாம்.

கேட்பதும் சட்டத்தில் இருக்கிறது. 2011-ல் செய்த திருத்தத்தில், ஐசியுவில் இருப்பவர் முன்பே சம்மதம் தந்திருக்கிறாரா என்று குடும்பத்திடம் விசாரிப்பதும், தரவில்லை என்றால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்வதும் மருத்துவரின் கடமை என்று எழுதியிருக்கிறது. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்யாத மருத்துவமனையும் உறுப்புகளை எடுப்பதற்கு மட்டும் பதிவு பெறலாம் என்பதும் அதே திருத்தத்தில்தான் வந்தது. இருக்கிற சட்டம் எங்கள் ஐசியு வாசல் வரை வந்திருந்தால், புதுச் சட்டம் வேண்டுமா என்று பேச எனக்கும் மனசு வந்திருக்கும்.

சரி, ஸ்பெயினுக்கு வருகிறேன். அங்கே அனுமானச் சம்மதச் சட்டம் வந்தது 1979-ல். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1989-ல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பை உண்டாக்கி, ரஃபேல் மத்தேசான்ஸ் என்ற சிறுநீரக மருத்துவரைப் பொறுப்பில் வைத்தார்கள். அந்த ஆண்டு பத்து லட்சம் பேருக்கு, இறந்த பின் உறுப்பு தந்த கொடையாளர்கள் 14. பத்தே ஆண்டில் அது 30-ஐத் தாண்டியது. இப்போது 48-க்கும் மேல். அனுமானச் சம்மதம் என்ற விதி மாறவில்லை. மாறியது என்னவென்றால், மருத்துவமனைக்கு மருத்துவமனை ஓர் ஒருங்கிணைப்பாளரை உட்கார வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐசியு மருத்துவர்களே. யாருக்கு மூளைச்சாவு வரக்கூடும் என்பதை முன்கூட்டியே கவனிப்பது, முதலில் மரணச் செய்தியை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பது, அப்புறம்தான் தானத்தைப் பற்றிப் பேசுவது என்றெல்லாம் பயிற்சி கொடுத்தார்கள். இன்றைக்கும் ஸ்பெயினில் குடும்பத்தைக் கேட்காமல் உறுப்பை எடுப்பதில்லை. முடியாது என்று குடும்பம் சொன்னால் அதோடு முடிந்தது. சட்டம் எடுக்கலாம் என்கிறது, அவர்கள் கேட்கிறார்கள். அந்த நாட்டு வெற்றியைக் காட்டி, கேட்பதையே விட்டுவிடலாம் என்று இங்கே வாதாடுவது நியாயமா?

பிரேசிலில் 1997-ல் இதே சட்டம் வந்தது. சாகும் முன்பே உறுப்பை எடுத்துவிடுவார்களோ என்று ஏழைகள் பயந்தார்கள். அடுத்த ஆண்டே அரசு அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அந்தப் பயம் நமக்குப் புதிதில்லை. கிட்னி விற்றவர்கள் நிறையப் பேர் இருந்ததால், சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் “கிட்னிவாக்கம்” என்றே பெயர் வைத்திருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு வடசென்னையில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்றது வெளியே வந்தது. 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற தங்கள் இடுப்புத் தழும்பைக் காட்டினார்கள். இந்த ஊர்களில் போய், “நீங்கள் வேண்டாம் என்று எழுதித் தராததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்” என்று எந்த அதிகாரியால் சொல்ல முடியும்? வேண்டாம் என்று பதிவு செய்ய ஆதார், ஓடிபி, ஓர் இணையதளம், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் என்று எத்தனை வேண்டும்! படித்தவர் பதிவு செய்து விலகிக்கொள்வார். சூளையிலும் தறியிலும் கிடப்பவர் பேசாமல் இருந்ததாலேயே கொடையாளர் ஆகிவிடுவார். மௌனம் சம்மதம் என்கிறோம். கல்யாணப் பேச்சில்கூட அந்தச் சொல் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நல்லது செய்ததில்லை.

நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் வரை போக வேண்டாம். பக்கத்துக் கேரளாவில் 2015-ல் 76 பேரின் உறுப்புகள் தானமாகக் கிடைத்தன. தனியார் மருத்துவமனைகளில் தரும் மூளைச்சாவுச் சான்று மேல் சந்தேகம் கிளம்பி, வழக்கு வரை போனது. 2018-ல் அது 8. சம்மதச் சட்டம் அங்கே மாறவே இல்லை. நம்பிக்கை மட்டும்தான் போனது.

நம் மாநிலத்தில் நல்லது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்தார்கள். போக்குவரத்தை நிறுத்தி, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவன் இதயத்தைக் கொண்டுபோன அந்தப் பதினொரு நிமிடம் எங்கள் ஊர் டீக்கடையிலும் பேசப்பட்டது. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். மூளைச்சாவுச் சான்று, உறுப்புகளை வரிசைப்படி பகிர்வது என்று அந்தக் காலகட்டத்தில் அடுத்தடுத்து அரசாணைகள் வந்தன. நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் என்ற பெயர் அங்கே தொடங்கியது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பக்கத்து ஊரில் ஒரு கொத்தனாருக்கு அப்படி நடந்ததை நான் நின்று பார்த்தேன். குண்டும் குழியுமான தெருவில் அதிகாரிகளின் கார்கள் வரிசையாக வந்தன. அவர்கள் மலர்வளையம் வைத்தபோது அவருடைய அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு மாலை எங்கள் தெருவில் நாலு பேர், “நமக்கும் எழுதி வைக்கலாமா” என்று பேசிக்கொண்டார்கள். யாரையும் கட்டாயப்படுத்தாத ஓர் ஏற்பாடு அது. மாநிலத்தில் 2023-ல் 178 ஆக இருந்த கொடையாளர் எண்ணிக்கை 2024-ல் 268 ஆனது. அந்த மரியாதைக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

ஆனாலும் ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் மாநிலத்தில் 268. ஸ்பெயினில் ஐந்து கோடிக்கும் குறைவானவர்கள், ஆண்டுக்கு 2,000-க்கும் அதிகமான கொடையாளர்கள். நம் சாலைகளில் மட்டும் ஆண்டுக்கு 17 ஆயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். பலர் அந்த இடத்திலேயே போய்விடுகிறார்கள், எல்லோரும் மூளைச்சாவு அடைவதில்லை, தெரியும். ஆனால் என் தம்பியைப் போல டியூபோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எங்காவது இருக்கிறதா?

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். மூளைச்சாவு என்பது நம் நாட்டில் உறுப்பு மாற்றுச் சட்டத்துக்குள் மட்டும்தான் மரணமாக இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதைத் தனியாகச் சொல்வதில்லை. அதனால் என்ன நடக்கிறது? குடும்பம் தானத்துக்கு ஒப்புக்கொண்டால் அவர் இறந்தவர். ஒப்புக்கொள்ளாவிட்டால் வென்டிலேட்டரை நிறுத்த மருத்துவர் தயங்குகிறார், பில் ஏறுகிறது, கடைசியில் “வீட்டுக்குக் கொண்டு போங்க” என்கிறார்கள். உறுப்பு கேட்கும்போது மட்டும் ஒருவர் செத்தவராகிறார் என்றால் கிராமத்து மனிதர் சந்தேகப்படாமல் என்ன செய்வார்? அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று சொல்லி ஒதுக்காதீர்கள்.

முன்பு சொன்ன தவிப்புக்கு வருகிறேன். தம்பி போன அடுத்த ஆண்டு என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தது. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். நான் தருகிறேன் என்று போனேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் டாக்டர் முடியாது என்றுவிட்டார். உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். தினம் குடிக்கும் தண்ணீரை ஒரு எவர்சில்வர் டம்ளரில் அளந்து வைக்கிறேன். மாத்திரைக்கு, காபிக்கு, ரசத்துக்கு எல்லாம் சேர்த்து அதற்குள்தான். சித்திரை வெயிலில் மனுஷர் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தைத் தள்ளுவார். இரவில் அவர் கையில், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பேன். உள்ளே ரத்தம் பூனை உறுமுவது போல அதிர்ந்துகொண்டிருக்கும். அது இருக்கிறதா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

டயாலிசிஸ் அறையில் எங்களோடு எட்டுப் படுக்கை. மூன்று ஆண்டில் நான்கு முகம் மாறிவிட்டது. ஒருவருக்குத்தான் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது, அதுவும் அவர் மனைவி கொடுத்தது. உயிரோடு இருந்து உறுப்பு தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும், பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். இறந்தவர்களிடமிருந்து கிடைக்காத ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் ஈடாக ஏதோ ஒரு வீட்டில் ஒரு மனைவியோ அம்மாவோ ஆபரேஷன் மேஜையில் ஏறுகிறாள்.

ஆகவே இந்த வரிசையில் நிற்கிறவள் என்ற முறையிலும், கேட்கப்படாமல் போன ஒருவனின் அக்கா என்ற முறையிலும் எழுதுகிறேன். அனுமானச் சம்மதம் வந்தால் எங்கள் முறை சீக்கிரம் வரும் என்று யாராவது சத்தியம் செய்தாலும், கேட்காமல் எடுத்த சிறுநீரகத்தை என் கணவருக்கு வைக்க நான் ஒப்பமாட்டேன். அவரும் மாட்டார், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

வென்டிலேட்டர் வைத்து ஐசியு நடத்தும் ஒவ்வொரு மருத்துவமனையையும், அரசானாலும் தனியாரானாலும், உறுப்பு எடுக்கும் மையமாகப் பதிவு செய்ய வையுங்கள். வசதி போதாத இடத்துக்கு மாவட்ட மருத்துவக் கல்லூரியிலிருந்து சான்றளிக்கும் மருத்துவர் குழு போய் வரட்டும். மூளைச்சாவு என்று தெரிந்தும் பரிசோதிக்காமல், ஆணையத்துக்குத் தகவல் தராமல் வீட்டுக்கு அனுப்பினால் ஏன் என்று எழுத்தில் காரணம் கேளுங்கள். ஒரு தடவை கேட்டாலே போதும், மறுமுறை அனுப்ப மாட்டார்கள்.

மாவட்டத்துக்கு இருவராவது முழுநேர ஒருங்கிணைப்பாளர் வேண்டும். வேறு வேலையோடு சேர்த்துக் கூடுதல் பொறுப்பாகத் தராதீர்கள். நிரந்தர வேலையும் சம்பளமும் கொடுங்கள். இரவு இரண்டு மணிக்கு, அழுதுகொண்டிருக்கும் ஒரு குடும்பத்தோடு தரையில் உட்கார்ந்து அவர்கள் பேச்சு வழக்கிலேயே பேசத் தெரிந்தவர்களாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் மரணத்தைச் சொல்லட்டும். அம்மா ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அப்புறம் கேட்கட்டும். வேண்டாம் என்றால் அதே மரியாதையோடு அனுப்பி வைக்கட்டும்.

சம்மதம் தந்த பிறகு ஆகும் ஐசியு செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்பது விதி. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஐசியு வாசலில் மாட்டச் சொல்லுங்கள். சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதி தந்துவிட்டது. தானம் செய்த குடும்பத்தை ஸ்டேஷனுக்கும் மார்ச்சுவரிக்கும் அலைய விடாமல், எல்லாக் காகிதத்தையும் ஒருங்கிணைப்பாளரே முடித்துத் தர வேண்டும்.

மூளைச்சாவு எல்லாச் சட்டத்திலும் மரணம்தான், குடும்பம் தானம் செய்தாலும் செய்யாவிட்டாலும் மரணம்தான் என்று தெளிவாக எழுதும்படி மத்திய அரசை வற்புறுத்துங்கள். சட்டமன்றத்தில் ஒரு தீர்மானமாவது கொண்டுவாருங்கள்.

லைசென்ஸ் விண்ணப்பத்தில் “ஆம்” என்று சொன்னவர்களின் பட்டியலை உறுப்பு மாற்று ஆணையம் பார்க்கும்படி இணையுங்கள். ஐசியுவில் ஒருவர் பெயரைத் தட்டினால் அவர் என்ன சொல்லியிருந்தார் என்பது தெரிய வேண்டும். குடும்பத்திடம் பேசப் போகிறவர், “உங்க பையன் ஏற்கெனவே ஆமான்னு சொல்லியிருக்கான்மா” என்று சொன்னால் பாதிப் பாரம் இறங்கிவிடும். என் அம்மாவுக்கு இறங்கியிருக்கும்.

கடைசியாக, ஒவ்வோர் ஆண்டும் மாநில உறுப்பு தான தினமான செப்டம்பர் 23 அன்று எத்தனை பேர் தானம் செய்தார்கள் என்று வெளியிடுகிறீர்கள். இந்த ஆண்டு அதனோடு இன்னும் மூன்று எண்களைச் சேர்த்து, மாவட்ட வாரியாக, மருத்துவமனை வாரியாக வெளியிடுங்கள்: மூளைச்சாவு என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது, எத்தனை குடும்பங்களிடம் கேட்கப்பட்டது.

இப்படிக்கு,
ஓர் அக்கா
திண்டுக்கல் மாவட்டம்